கூந்தல் கேள்வி-பதில்: உப்புத் தண்ணீர், சீயக்காய், பொடுகு

கேள்வி: எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், ஒரே உப்பு. சீயக்காய் போட்டுக் குளித்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போவதில்லை. காய்ந்ததும் முடி முறுக்கிக்கொண்டு முரடாக நிற்கிறது. விலை கூடிய ஷாம்பு வாங்கக் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?
- வாசகி, பரமக்குடி

பதில்: பிசுக்குக்குக் காரணம் எண்ணெயின் அளவு. முரட்டுத்தனத்துக்குத்தான் தண்ணீர் காரணம். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

சீயக்காயில் அழுக்கெடுப்பது சப்போனின். அது மிதமான சரக்கு. தலை சொட்டச் சொட்ட எண்ணெய் வைத்துவிட்டு அதன்மேல் தூளைத் தேய்த்தால் இரண்டும் குழைந்து மண்டையில் அப்பிக்கொள்ளும். இடுப்புவரை முடி இருந்தாலும் 3 டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள். வேரைவிட முடியின் நீளத்துக்கும் நுனிக்கும்தான் அது தேவை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறும். அதனால் நனையும்போது முடி உப்பிப் பலவீனமாவது குறையும். குளித்த பிறகு வைப்பதைவிடக் குளிக்கும் முன் வைப்பதே லாபம்.

சீயக்காய்த் தூளைக் குழைத்து அப்படியே தேய்க்க வேண்டாம். 3 மேசைக்கரண்டி தூளை 2 டம்ளர் வெந்நீரிலோ வடித்த கஞ்சியிலோ கால் மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றித் தேயுங்கள். வடிகட்டாவிட்டால் திப்பி முடியிடுக்கில் தங்கும். உரசும்போது முடியின் மேல்தோலையும் சிராய்க்கும். நல்லெண்ணெய்க் குளியல் என்றால் அரப்பும் நல்லதே. அதையும் இப்படியே வடிகட்டுங்கள்.

குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடவே வேண்டாம். உங்கள் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும் (பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக் காறை அதுதான்), மீதி அப்படியே இருக்கும். எனவே முழுக்குளியலும் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் 2 செம்பு குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்து வையுங்கள். முரட்டுத்தனம் வெகுவாகக் குறையும்.

பாக்கெட் ஷாம்பு ஒன்றும் பாவமில்லை. அரை மக் தண்ணீரில் ஒரு பாக்கெட்டைக் கரைத்து மண்டைத்தோலில் மட்டும் தேயுங்கள். வழிந்து வரும் நுரையே நீளத்துக்குப் போதும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குப் பொடுகு. தலை வறண்டிருக்கிறதே என்று தினமும் எண்ணெய் வைத்துவிடுகிறேன். தயிர், எலுமிச்சை எல்லாம் பார்த்தாயிற்று.
- வாசகி, ஈரோடு

பதில்: எண்ணெயை நிறுத்துங்கள், அம்மா. பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. மண்டைத்தோலில் எல்லோருக்கும் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகும்போது, அதை ஒத்துக்கொள்ளாத தோல் செதில் செதிலாக உரிகிறது. நீங்கள் தினமும் வைப்பது அதற்குத் தீனி. எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு. சொறிந்த இடத்தில் பட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

மருந்துக்கடையில் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு கேளுங்கள். தலையை நனைத்து, மண்டைத்தோலில் தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: போட்ட கையோடு கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமேது? வாரம் 2 முறை, 4 வாரம். பிறகு மீண்டும் வராமலிருக்க 2 வாரத்துக்கு ஒருமுறை. செதில் தடித்து வெள்ளியாக மின்னினாலோ, முழங்கை, முழங்காலிலும் அப்படியே இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது சொரியாசிஸாக இருக்கலாம்.

கேள்வி: மாதாமாதம் நுனி வெட்டினால் முடி வேகமாக வளருமா?
- வாசகி, திருச்சி

பதில்: வளராது. முடி வளர்வது வேரில், மாதம் சுமார் 1 செ.மீ. நுனி பிளந்திருந்தால் மட்டும் வெட்டுங்கள், பிளவு மேலேறாது.

கேள்வி: குழந்தை பிறந்து 4 மாதம். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. இரண்டு எண்ணெய் மாற்றியும் நிற்கவில்லை.
- வாசகி, தென்காசி

பதில்: எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடியெல்லாம் பிரசவத்துக்குப் பின் ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய், சுமார் 3 மாதம் கழித்துச் சேர்ந்து விழுகிறது. வேர் சாகவில்லை. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வந்துவிடும். அதுவரை ஈரத்தலையைச் சீவாதீர்கள், கொண்டையை இழுத்துக் கட்டாதீர்கள். நெற்றியோர முடிதான் முதலில் பறிபோகும்.

பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். டீ, காபியோடு மட்டும் போடக் கூடாது, சத்து உடம்பில் சேராது. ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால், அல்லது சோர்வும் படபடப்பும் கூடவே இருந்தால், ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.