சர்ஜன் கைக்கு மார்க் போட முடியுமா?

கேள்வி: ஆபரேஷன் செய்கிற டாக்டரின் கைத்திறமையை மெஷின் வைத்து அளக்க முடியுமா? (ஒரு வாசகி, கரூர்)

பதில்: ஓரளவு முடியும். லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்கிற ஆபரேஷன், பழக ஒரு பெட்டி இருக்கிறது. நீள இடுக்கியால் ஆறு சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கக் குச்சியில் மாட்டி, அப்புறம் அத்தனையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவும் திரையைப் பார்த்தபடியே, கடிகாரம் ஓட ஓட. ஆனால் வேகம் மட்டுமே திறமையாகிவிடாது. என்னைக் கேட்டால் வீடியோதான் நம்பகமான பரீட்சை. 2013-ல் வெளியான மிச்சிகன் ஆய்வில், 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ் (உடல் எடையைக் குறைக்கிற ஆபரேஷன்) வீடியோவைக் கொடுக்க, அது யாருடையது என்றே தெரியாமல் சக சர்ஜன்கள் மார்க் போட்டார்கள். கடைசிக் கால்வாசியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, முதல் கால்வாசியில் வெறும் 5.2தான்!