ஓட்டுப் போடாமல் பேராயரைக் குறை சொல்லாதீர்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “எங்கள் ஆயர்” என்று மட்டும் இருக்கிறது. எந்தச் சபை என்று எழுதுங்கள் எனப் பலமுறை கேட்டுவிட்டேன். கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) பல ஊர்களில் சேகரத்தின், அதாவது உள்ளூர்ச் சபையின் போதகரையே ஆயர் என்பார்கள். அங்கே மறைமாவட்டத்துக்குத் திருமண்டலம் என்று பெயர், அதன் தலைவர் பேராயர். சபை தெரியாவிட்டால் பதில் தலைகீழாகிவிடும்.

கர்தினால் அல்லாத ஒருவர் போப் ஆகலாமா?

சட்டப்படி ஆகலாம். கர்தினால்கள் என்பவர்கள் போப்பைத் தேர்ந்தெடுக்கும் உயர்நிலைக் குருமார். கர்தினாலாக இல்லாமல் கடைசியாகப் போப் ஆனவர் ஆறாம் உர்பான், 1378இல்.

2025 கான்கிளேவ் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) இரண்டே நாளில் முடிந்ததே, முன்கூட்டியே பேசி வைத்ததுதானே?

133 கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 ஓட்டு தேவை. நான்காவது சுற்றில் பதினான்காம் லியோ தேர்வானார். 2005இல் நான்கு சுற்று, 2013இல் ஐந்து. இதுதான் இப்போது வழக்கமான வேகம். கதவடைக்கும் முன் பல நாள் கூடிப் பேசுவார்கள், அதற்குத் தடையில்லை. ஒப்பந்தம் போட்டு, வாக்குறுதி வாங்கி ஓட்டுப் போடத்தான் தடை. 1268இல் விட்டெர்போவில் தொடங்கிய தேர்தல் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு இழுத்தது. பூட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் விதியே அந்த அனுபவத்தில் 1274இல் வந்ததுதான்.

எங்கள் மறைமாவட்டத்துக்குப் புது ஆயரை நியமிக்கும் முன் எங்களிடம் ஏன் கேட்கவில்லை? (கத்தோலிக்கர் என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன்.)

கேட்டிருப்பார்கள், உங்களுக்குத் தெரியாது. டெல்லியிலுள்ள திருத்தந்தையின் (போப்பின்) தூதர் குருக்கள் பலரிடமும் குருக்கள் அல்லாத பொதுநிலையினர் சிலரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்பார். கேட்கப்பட்டவர் அதை வெளியே சொல்லக் கூடாது. மூன்று பெயர் ரோமுக்குப் போகும். முடிவு திருத்தந்தையுடையது.

சி.எஸ்.ஐ.யில் நாங்கள் ஓட்டுப் போட்டு முதலிடம் கொடுத்தவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பேராயர் ஆக்கிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

பேராயருக்கு நீங்கள் ஓட்டுப் போடவில்லை, பேனலுக்கு, அதாவது பெயர்ப் பட்டியலுக்குத்தான் போட்டீர்கள். திருமண்டலப் பெருமன்றம் சில பெயர்களைத் தேர்ந்து அனுப்பும். அவர்களில் ஒருவரை எடுப்பது சினாடு, அதாவது சி.எஸ்.ஐ. முழுவதற்குமான பொதுச்சபை, அமைக்கும் குழு. முதலிடம் வந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1947இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்தபோது திருமண்டலத்துக்கும் பொதுச்சபைக்கும் சேர்த்தே இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

என் ஆதங்கம் வேறு. அந்தப் பெருமன்றத்துக்குப் போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? சேகரத் தேர்தலில் நீங்கள்தான். சென்ற தேர்தலின்போது ஒரு கோயிலில் வாக்காளர் பட்டியலைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஆராதனை முடிந்து நூறு பேருக்கு மேல் அதைக் கடந்து போனார்கள். நின்று பார்த்தவர் ஒரு பாட்டி மட்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். இறந்துபோன கணவர் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. “ஐயரிடம் எழுதிக் கொடுங்கள் பாட்டி” என்றேன். (ஐயர் என்றால் சபைப் போதகர்.) அன்றைக்குத்தான் கடைசி நாள். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கடந்து போன அந்த நூறு பேரில் எத்தனை பேர் பிறகு “அணி அரசியல், பணம், கோர்ட்டு கேஸ்” என்று புலம்பியிருப்பார்கள்! பட்டியலைப் பாருங்கள். சந்தா பாக்கி இருந்தால் கட்டுங்கள். யாராவது பிரியாணி வாங்கித் தந்து வேனில் கூட்டிப் போனால் ஏறாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதுவேன்.

சீட்டுக் குலுக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சபை உண்டா?

உண்டு, எகிப்தின் காப்டிக் சபை. 2012 நவம்பரில் கெய்ரோவில் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் மூன்று சீட்டில் ஒன்றை எடுத்தான். அதில் வந்த பெயர்க்காரர்தான் தலைவரானார், இரண்டாம் தவாட்ரோஸ். ஆனால் அந்த மூன்று பேரை முதலில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டுத்தான் வடிகட்டினார்கள். வெறும் குலுக்கல் என்று எழுதாதீர்கள். பைபிளில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்ததும் இப்படித்தான்: இருவரை நிறுத்தி, ஜெபித்து, அப்புறம் சீட்டு.

சி.எஸ்.ஐ.யில் பெண் பேராயர் உண்டா?

2013இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். அவர்தான் முதல் பெண் பேராயர்.

எங்கள் ஐயரை எப்போது மாற்றுவார்கள்? (ஊரும் இல்லை, சபையும் இல்லை.)

சி.எஸ்.ஐ. என்றால் திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். தனிச் சபை என்றால் உங்கள் சபையின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். இரண்டும் இல்லையென்றால், எந்தச் சபை என்று எழுதி அனுப்புங்கள்.