ஏப்ரல் 15-க்குள் எவ்வளவு கட்டுவது? சொந்தத் தொழிலின் முதல் வருடக் கணக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு, ஜனவரியிலிருந்து வீட்டிலேயே டிசைன் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறேன். செலவு போக வருடத்துக்கு 80,000 டாலர் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். கணவரின் சம்பளம் 140,000. காலாண்டு வரியை நானே மதிப்பிட்டுக் கட்ட வேண்டும் என்கிறார்கள். வருமானமே தெரியாதபோது வரியை எப்படி மதிப்பிடுவது?

பதில்: முதல் வருடத்தில் வருமானத்தை ஊகித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். போன வருட ரிட்டர்னை எடுங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது.

இந்த வருட வரியில் 90 சதவீதத்தைத் தவணை தவறாமல் கட்டியிருந்தால் ஐ.ஆர்.எஸ். (மத்திய அரசின் வரித்துறை) அபராதம் போடாது. அது ஊகக் கணக்கு. இன்னொரு வழியும் இருக்கிறது: போன வருட மொத்த வரியில் 100 சதவீதம் கட்டினாலும் போதும். போன வருட ஏ.ஜி.ஐ. (சில கழிவுகள் போக ரிட்டர்னில் வரும் மொத்த வருமானம்) 150,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 சதவீதம். இருவரும் சம்பளம் வாங்கிய வீடு என்பதால் உங்களுக்கு 110 என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த வருடம் உங்கள் தொழில் இரண்டு மடங்கானாலும் இந்த எண் மாறாது.

போன வருட ரிட்டர்னின் 1040 படிவத்தில் 24-ஆம் வரியைப் பாருங்கள் (இது வேறு வரி). மொத்த வரி அதில்தான் இருக்கும். அங்கே 31,000 இருக்கிறது என்று வைப்போம். 110 சதவீதம் என்றால் 34,100. கணவரின் சம்பளத்தில் இந்த வருடம் ஃபெடரல் (மத்திய அரசு) வரிப் பிடித்தம் 14,000 ஆகும் என்றால் மீதி 20,100. நான்காக வகுத்தால் தவணைக்கு 5,025 டாலர். அவ்வளவுதான்.

அபராதம் வராது என்பதற்காகப் பாக்கி வராது என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான வரியையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். சம்பளக்காரராக இருந்தபோது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்கும் சேர்த்து உங்கள் பங்கு 7.65 சதவீதம், கம்பெனியின் பங்கு 7.65 சதவீதம். இப்போது கம்பெனியும் நீங்கள்தான், 15.3 சதவீதமும் உங்கள் தலையில். முதல்முறை ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இந்த வரியை லாபத்தில் 92.35 சதவீதத்துக்குத்தான் போடுவார்கள்: 80,000-இல் அது 73,880, அதில் 15.3 சதவீதம் சுமார் 11,300. இதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் 20 சதவீதம் தொழில் வருமானக் கழிவும் உண்டு. அப்புறம் நிற்பது ஏறத்தாழ 59,500. கணவரின் சம்பளத்துக்கு மேல் வந்து உட்காரும் பணம் என்பதால் அத்தனைக்கும் ஃபெடரல் வருமான வரி 22 சதவீதம், அதாவது சுமார் 13,100.

மாநிலம் அந்த 20 சதவீதக் கழிவைத் தருவதில்லை. அங்கே இன்னும் ஒரு 6,700. எல்லாம் கூட்டினால் 31,000-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் லாபத்தில் 39 சதவீதம். ஆகவே வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த அன்றே 40 சதவீதத்தைத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தவணையைப் போன வருடக் கணக்கில் கட்டுங்கள், ஒதுக்குவதை இந்த வருடக் கணக்கில் ஒதுக்குங்கள். அடுத்த ஏப்ரலில் ஃபெடரலுக்கு இன்னும் 4,000 போல கேட்பார்கள். அது அந்தக் கணக்கில் தயாராக இருக்கும், அதுவரை வட்டியும் உங்களுக்கே.

தேதிகள்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. காலாண்டு என்று பெயர்தான். இரண்டாவது தவணை ஏப்ரல், மே இரண்டே மாதங்களுக்கு. கடைசித் தவணை செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதங்களுக்கு. ஜூலையில்தானே அடுத்தது என்று நிம்மதியாக இருந்து ஜூனைக் கோட்டை விட்டவர்கள் என்னிடம் வருடா வருடம் வருகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் கணக்கு இன்னும் விசித்திரம். மாநிலத் தவணைகள் சமமாக இருக்காது: 30, 40, 0, 30 சதவீதம். செப்டம்பரில் ஒன்றுமே கிடையாது. மாநிலத்தின் நிதியாண்டு ஜூன் 30-உடன் முடிகிறது. அதற்குள் 70 சதவீதம் கைக்கு வந்துவிடுகிறது, பாருங்கள். இங்கேயும் போன வருடக் கணக்கு செல்லும், உங்களுக்கு அதே 110 சதவீதம்தான். போன வருட மாநில வரி 12,000 என்றால் 13,200. கணவரின் மாநிலப் பிடித்தம் 5,000 போனால் 8,200. ஏப்ரலில் 2,460, ஜூனில் 3,280, ஜனவரியில் 2,460. ஜூனில் இரண்டு அரசுக்கும் சேர்த்து 8,305 டாலர் போகும். அந்த மாதம் ஊருக்கு டிக்கெட் எடுக்கும் யோசனை இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

தவணை ஒன்று தவறிவிட்டால்? அபராதம் என்பது நடைமுறையில் வட்டிதான். 2025-இல் ஆண்டுக்கு 7 சதவீதமாக இருந்தது. வானம் இடிந்து விழாது. ஆனால் சம்பளக்காரத் துணை இருப்பவர்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. நீங்கள் கட்டும் தவணை, கட்டிய தேதியில்தான் வரவு ஆகும். சம்பளப் பிடித்தத்தையோ, எந்த மாதம் பிடித்தாலும், வருடம் முழுக்கச் சமமாகப் பிடித்ததாகவே ஐ.ஆர்.எஸ். எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் விழித்துக்கொண்டால்கூட, கணவர் தன் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தின் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் படிவம்) 4(சி) கட்டத்தில் கூடுதல் தொகையை எழுதிக் கொடுத்தால், ஏப்ரலில் விட்டதும் நிரவப்பட்டுவிடும். மாநிலப் பிடித்தத்தைக் கூட்ட டி.இ.-4 படிவம். தவணையே வேண்டாம் என்று முழுவதையும் இப்படியே முடித்துக்கொள்ளும் தம்பதிகளும் உண்டு. ஞாபக மறதிக்காரர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

கட்டும்போது ஒரு கவனம். ஐ.ஆர்.எஸ்.-இன் இணையவழிக் கட்டணப் பக்கமான டைரக்ட் பே-யில் எந்த வருடத்துக்கு இந்தப் பணம் என்று கேட்கும். ஏப்ரலில் போன வருட பாக்கியையும் இந்த வருட முதல் தவணையையும் ஒரே நாளில் கட்டுவதால், கை பழக்கத்தில் இரண்டுக்கும் போன வருடத்தையே தேர்ந்தெடுத்துவிடுவோம். நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். முதல் தவணைக்கு எஸ்டிமேட்டட் டேக்ஸ், 1040-இ.எஸ். (தவணைக்கான படிவம்), நடப்பு வருடம் என்று தேர்ந்தெடுங்கள். அடுத்து உங்களை அடையாளம் சரிபார்க்க இன்னொரு வருடம் கேட்கும். அங்கே மட்டும் பழைய ரிட்டர்னின் வருடத்தைக் கொடுத்து, அதில் இருந்த முகவரியையே அப்படியே எழுதுங்கள். வீடு மாறியிருந்தால் புது முகவரியைப் போட்டுவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று 14-ஆம் தேதி ராத்திரி திணற வேண்டியிருக்கும்.