சர்வே சந்தேகங்கள்: 384 பேர் போதுமா?

தங்கச்சிமடத்தில் தொடங்கிப் பத்து மீனவ ஊர்களில் ரத்த அழுத்த ஆய்வு செய்கிறேன். சூத்திரப்படி 384 பேர் போதும் என்கிறார் வழிகாட்டி. சரியா?

அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. பாதிப்பு 50 சதவீதம், பிழை ஐந்து புள்ளி முன்பின், நம்பகம் 95 சதவீதம் என்று வைத்தால் வருவது. ஆனால் கடற்கரை முழுக்கப் பெயரெழுதிச் சீட்டுக் குலுக்கி ஆளெடுத்தால்தான் அது செல்லும். நீங்கள் முதலில் ஊரை எடுக்கிறீர்கள், அப்புறம்தான் ஆளை. ஒரே தண்ணீர், ஒரே கருவாடு, ஒரே தொழில் என்று வாழும் ஊரில் இருபதாவது ஆள் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். ஊருக்கு 20 பேர், ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் 'ஒற்றுமை' அளவு 0.05 என்றால், முதல் ஆள் போக மீதி 19 பேருக்கு 1 + 19 × 0.05 = 1.95. 384ஐ அதால் பெருக்கினால் சுமார் 750 பேர், 38 ஊர்.

பத்தே ஊரில் 75 பேர் வீதம் கேட்டு 750ஐ எட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் இடிக்கிறது. ஊருக்கு ஆள் கூடக்கூட அந்தப் பெருக்கலும் கூடும். இதே ஒற்றுமைக்குப் பத்து ஊரில் எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டாலும், சீட்டுக் குலுக்கி எடுத்த 200 பேரைக் கேட்ட பலனைத் தாண்டாது. ஆளைக் கூட்டாதீர்கள், ஊரைக் கூட்டுங்கள்.

வீட்டில் ஆண்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டை எடுக்கலாமா?

கூடாது. நானே சூடுபட்டவன். பாம்பனில் ஒருமுறை காலை பதினொரு மணிக்கு வீடுவீடாகப் போனோம். "கடலுக்குப் போயிருக்கான், நாளைக்கு வாங்க" என்றார் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆச்சி. நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம். கடைசியில் பட்டியலில் இருந்தவர்கள் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கடலை விட்ட பெரியவர்கள். மீனவர் ஊரில் மீனவரே இல்லாத சர்வே!

விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றித்தான் போகின்றன. ஊரில் கேட்டு, அந்தந்தப் படகு கரையில் நிற்கும் நாளில் போங்கள். மூன்று முறையாவது திரும்பப் போய்ப் பாருங்கள். அப்படியும் கிடைக்காதவரை 'கிடைக்கவில்லை' என்றே பதியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் அப்போது 'போன மாத வருமானம்' கேட்டால் கிடைக்கும் பதில் வருடத்துக்குப் பொருந்தாது.

கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் மாத வருமானம் கேட்டால் விழிக்கிறார்கள்.

அவர்கள் கணக்கு தேதியில் இல்லை, நீரோட்டத்தில் இருக்கிறது. கடைசியாகப் போன நாளில் எத்தனை கிலோ, என்ன விலை, இந்த மாதம் எத்தனை நாள் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். பெருக்குவது உங்கள் வேலை.

எங்கள் முகாமில் ரத்தசோகை 35 சதவீதம்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 57 என்கிறார்களே?

2019-21 கணக்கெடுப்பின் அந்த 57, இந்தியா முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கானது. அவர்கள் வீடு தேடிப் போய், விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள். உங்களுடையது நடந்து வந்தவர்களின் ரத்தம், அதுவும் நரம்பிலிருந்து. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

பி மதிப்பு 0.06. தொடர்பே இல்லை என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தென்படும் வாய்ப்புதான் பி மதிப்பு. வித்தியாசம் எவ்வளவு, எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்று எழுதுங்கள். வழக்கமாக எல்லையாக வைக்கும் 0.05 ஒன்றும் லட்சுமணன் கோடு இல்லை.