காலுக்கு அடியில் கொஞ்சம் இடம்

மேசை ஆட்ட மினியேச்சர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ரெசின் பேஸ், அதாவது பொம்மை வீரனை நிறுத்த ரெசின் பிசினில் வார்த்த அடித்தட்டு பற்றியவை என்பதால் ஒன்றாகவே பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் 28 மி.மீ. அளவில் பத்து உலோக வீரர்கள் இருக்கிறார்கள். இடிந்த மண்டபம் போல வார்த்த 32 மி.மீ. ரெசின் பேஸ் பத்து வாங்கினேன். உடைந்த படி, சாய்ந்த தூண், பெயர்ந்த தரைக்கல் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் பாதிப் பேருக்குக் கால் வைக்க இடமில்லை. சிலர் அந்தரத்தில் மிதப்பது போல இருக்கிறார்கள். காலுக்கு அடியில் இருக்கும் உலோகப் பட்டையை என்ன செய்வது?

வெட்டுக் குறடை முதலில் கீழே வையுங்கள். ஒட்டும் களிமண் துண்டு ஒன்றை ஒவ்வொரு வீரன் காலிலும் வைத்து, பத்துப் பேரையும் பத்து பேஸிலும் மாற்றி மாற்றி நிறுத்திப் பாருங்கள். பேஸையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். முன்னால் இடிக்கிற தூண், அரைவட்டம் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதற்கு எனக்கு ஒரு மாலை முழுக்க ஆகும். அந்த மாலையை நான் ஒருபோதும் மிச்சம் பிடிப்பதில்லை.

பார்க்க வேண்டியது முழங்காலை. ஒரு கால் மடங்கியிருப்பவன் படி மேல் கால் வைக்கலாம். இரண்டு காலும் நேராக ஊன்றியிருப்பவனைப் படியில் நிறுத்தினால், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் கண்ணுக்குப் பொய்யாகத்தான் தெரியும். அவனுக்குச் சமதளம் வேண்டும். ஓடுகிறவனுக்கு ஒரு பாதம் வைக்கிற இடம் போதும், அதனால் நெருக்கமான பேஸை அவனுக்குக் கொடுங்கள்.

அப்படியும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காக பேஸை மாற்றத் தயங்காதீர்கள். கூரான கத்திக்கு ரெசின் நன்றாகவே வழிவிடும். தடித்த தூணுக்குச் சின்ன ரம்பம் வேண்டும். வெட்டின இடம் வழவழவென்று இருந்தால் கத்தி நுனியால் கொத்தி உடைந்த கல் போலாக்குங்கள். இரண்டு படிகளுக்கு நடுவே பாதம் தொங்குகிறதா? இரண்டு பாகமும் சம அளவு பிசைந்த எபாக்சி பட்டியை (கலந்தால் கல்லாக இறுகும் பசைமாவு)ப் பள்ளத்தில் வைத்து, பாதத்தைத் தண்ணீரில் நனைத்து ஒருமுறை அழுத்தி எடுங்கள். பட்டி இறுகியதும் அந்தப் பாதத்துக்கென்றே ஒரு மண்மேடு இருக்கும். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த பேஸ்கள் இப்படிப் பிறந்தவைதான்.

இனி அந்தப் பட்டை. துளை விட்ட பிளாஸ்டிக் பேஸில் சொருகுவதற்காகத்தான் அது இருக்கிறது. உங்கள் ரெசின் பேஸில் அதற்கு வேலை இல்லை. ஆனால் முழுதாக வெட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு பாதத்துக்கும் நேர் கீழே சிறு முளை மட்டும் விட்டு மீதியை நறுக்கி, அரத்தால் சீராக்கினால் அதுவே ஆணி. முளை விட முடியாதபடி பட்டை அமைந்திருந்தால், கையால் சுழற்றும் டிரில்லில் 1 மி.மீ. அலகு மாட்டி, பாதத்தில் துளையிட்டுப் பித்தளைக் கம்பியை ஒட்டுங்கள். கம்பி நுனியில் ஒரு சொட்டு பெயின்ட் தொட்டு பேஸில் மெல்ல வைத்து எடுத்தால், துளை எங்கே போட வேண்டும் என்று புள்ளி விழுந்திருக்கும். பேஸ் மெல்லியதாக இருந்தால் மறுபக்கம் வரை துளைத்துவிடுங்கள். கம்பியை அடியில் வெட்டி, அங்கே பட்டி வைத்து மூடிவிடலாம்.

வெறும் சூப்பர் குளூ போதாதா என்று சிலர் கேட்பார்கள். நேராக இழுத்தால் அது தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். ஆணி இல்லாமல் ஒட்டிய ஈட்டிக்காரன் ஒருவன் என் மேசையிலிருந்து விழுந்து, பாதம் பேஸிலேயே நிற்க, உடல் தனியாகப் போனது. அவனைத் தீட்ட மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து உலோகப் பொம்மை எதையும் நான் ஆணியில்லாமல் நிறுத்துவதில்லை.

கேள்வி: ரெசின் பேஸில் தீட்டிய வண்ணம் நகம் பட்டாலே தோலாக உரிகிறது. பெயின்ட் மோசமா?

பெயின்ட் மேல் தப்பு இருக்காது. வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவும் பூச்சு ரெசின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், அதாவது வண்ணம் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு, அடியுங்கள். உரிந்ததை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. மேலே இன்னொரு கோட் அடித்து மூடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 15 வயது. 25 மி.மீ. பேஸில் வந்த வீரர்களை 32 மி.மீ. ரெசின் பேஸுக்கு மாற்றினேன். எதிரில் ஆடும் நண்பன் 'இது செல்லாது' என்கிறான். அவன் சொல்வது சரியா?

தம்பி, அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல ஆட்டங்களில் தூரத்தை பேஸ் விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். பேஸ் பெரிதானால் உன் வீரன் அடைக்கும் இடமும் பெரிதாகும், அவனைச் சுற்றி நின்று தாக்கக்கூடிய எதிரிகளின் எண்ணிக்கையும் மாறும். உயரமான பாறை பேஸாக இருந்தால் அவன் சுவருக்கு மேலாகத் தெரிவான். அது அவனுக்கு நல்லதாகவும் முடியும், கெட்டதாகவும் முடியும். வார்ஹாமர் 40,000 என்ற மேசை ஆட்டத்தில் ஸ்பேஸ் மரைன்கள் என்ற கவச வீரர்களே முதலில் 25 மி.மீ. பேஸில் வந்து பிறகு 32 மி.மீ.க்கு மாறியவர்கள்தான், ஆகவே அளவு மாற்றுவது குற்றமில்லை. நீ ஆடும் ஆட்டத்தின் விதி இப்போது என்ன அளவு சொல்கிறது என்று பார். விதி ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே நண்பனிடம் கேட்டு ஒத்துக்கொள். அணிவகுத்து நிற்கும் படைகளுக்குச் சதுர பேஸ் வேண்டியிருக்கும். அதற்கு வட்ட பேஸ் எதையும் வாங்கிவிடாதே.

கேள்வி: மேசையில் வைத்தால் பேஸ் ஆடுகிறது. அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கிறது.

பேஸ் வளைந்திருந்தால் சுடுநீரில் சற்று நேரம் போட்டு, இளகியதும் தட்டையான இடத்தில் அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். அடியில் வெறும் பிசிறு என்றால் கண்ணாடித் துண்டின் மேல் நீர்படும் உப்புத்தாளை விரித்து, நனைத்து, பேஸை வட்டமாகத் தேயுங்கள். உலர்ந்தபடி தேய்க்கவே வேண்டாம். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தேய்த்த சேற்றையும் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிடுங்கள், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஸ் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் பேஸைத்தான் பார்க்கிறார்கள், வீரனைப் பார்ப்பதில்லை!

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் இதே குறையோடு என் அலமாரியில் ஒரு வரிசையே நிற்கிறது. மண்டையோடு, சங்கிலி, உடைந்த சக்கரம், வேர் என்று ஒரே பேஸில் எல்லாம் இருந்தால் கண் கீழேயே சுற்றும். வாங்கும்போதே பாதி இடம் வெறுமையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் இரண்டு பொருளையாவது சீவி எடுத்து, அந்த இடத்தில் மணல் ஒட்டுங்கள்.

அடுத்து வண்ணம். சிவப்பு அங்கி போட்டவனுக்குச் செங்கல் தரை வேண்டாம், சாம்பல் கல் போதும். தரையில் மிக வெளிச்சமான நிறம், முகத்தின் மிக வெளிச்சமான நிறத்தைவிட ஒரு படி மங்கலாகவே இருக்கட்டும். டிரை பிரஷில் (பெயின்ட்டைத் துடைத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) வெள்ளைக்குப் போகாமல் வெளிர்சாம்பலிலேயே நின்றுவிடுங்கள். கடைசியாக, தரைக்குப் பயன்படுத்திய அதே மண் நிறத்தை நீர்க்கக் கரைத்து, வீரனின் காலணியிலும் அங்கியின் கீழ் ஓரத்திலும் லேசாகத் தடவுங்கள். முழங்காலுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.