வாசகர் கேள்வி–பதில்: பலகையை இரண்டாகப் பிரித்தால்

நாற்பத்தொரு வயதில் ஸ்பிளிட்போர்ட் பழகத் தொடங்கினேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதக் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். முதலில் அது என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஸ்னோபோர்ட் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஸ்கீ மாதிரி ஆகும். அடியில் ஸ்கின் எனப்படும் பட்டையை ஒட்டினால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. குதிகால் தூக்கி நடக்கலாம். லிஃப்ட் இல்லாத மலையில் அப்படியே ஏறி, உச்சியில் இரண்டு பாதியையும் ஒன்றாகக் கொளுவி, ஒரே பலகையாக இறங்கலாம். "லிஃப்ட் இருக்கிற நாட்டில் ஏன் இந்த வேலை?" என்று என் கணவர் இன்னமும் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லி முடியவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. பன்னிரண்டு வயதிலிருந்து ஸ்னோபோர்ட் ஓடுகிறேன், கறுப்பு பிஸ்டும் (மிகக் கடினமான சறுக்குப் பாதை) பயமில்லை. அப்படியென்றால் ஸ்பிளிட்போர்ட் எனக்குச் சுலபமாக வரும்தானே? எங்கே, எப்படித் தொடங்குவது? – பீல் வாசகர்

தம்பி, நானும் இதே கணக்கில்தான் போனேன். இறங்கத் தெரியும், பிறகென்ன என்று நினைத்தேன். முதல் நாளில் ஏறியது இரண்டரை மணி நேரம், இறங்கியது பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் எனக்கு ஏற்கெனவே தெரிந்தது.

இங்கே சுவிஸில், பேர்னுக்குத் தெற்கே குர்னிகல் பக்கம் செலிபூல் என்று ஒரு மலை உண்டு. சுமார் 1750 மீட்டர். சாய்வு குறைவு என்பதால் பழகுகிறவர்களை அங்கே கூட்டிப்போவார்கள். வழிகாட்டியோடு நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் ஸ்கீ, நான் ஒருத்திதான் பலகை. படி ஏறுகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். அரை மணியில் தொடை எரிந்தது. வழிகாட்டி நின்று பார்த்துவிட்டு, "தூக்காதே, தேய்த்துக்கொண்டு போ" என்றார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். காலைத் தேய்க்காமல் தூக்கி வைத்து நடவுங்கள் என்று நாள் முழுக்கப் பாட்டிமாருக்குச் சொல்வது என் தொழில். அன்று எனக்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. பலகை பனியை விட்டு மேலே எழும்பவே கூடாது. அரைப் பலகையும், சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கும் ஒவ்வொரு அடிக்கும் தூக்கினால், ஆயிரக்கணக்கான அடிகளில் எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அடுத்தது திருப்பம். சரிவில் குறுக்கும் மறுக்குமாக ஏறும்போது ஒவ்வொரு மூலையிலும் ஒரு காலை முழுதாகத் திருப்பி வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இங்கே இதை ஸ்பிட்ஸ்கேரெ என்பார்கள். ஸ்கீகாரருக்கே ஆரம்பத்தில் கால் பின்னும். எங்கள் அரைப் பலகை ஸ்கீயை விட அகலம். திருப்பும் காலில் உள்ள பலகையின் வால் பகுதி பனியில் மாட்டும். குதிகாலைச் சட்டென்று உதைத்தால் பலகையின் மூக்கு மேலே எழும்பும், அந்த நொடியில் திருப்ப வேண்டும். இதைச் சரிவில் பழகாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் பனி விழுந்த புல்வெளியில் ஐம்பது தடவை செய்யுங்கள். அயலவர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

உச்சிக்குப் போனதும் உண்மையான அவமானம் தொடங்கியது. ஸ்கின்னைக் கழற்ற வேண்டும், பைண்டிங்கை எடுக்க வேண்டும், இரண்டு பாதியையும் பொருத்தி முன்னும் பின்னும் கொக்கியைப் பூட்ட வேண்டும், பைண்டிங்கைத் திரும்பவும் பலகையில் பூட்டியிருக்கும் கட்டைகளில் செலுத்த வேண்டும், தடிகளை மடித்துப் பைக்குள் வைக்க வேண்டும். கட்டைகளில் பனி உறைந்திருந்தது, பைண்டிங் ஏறவில்லை. காற்று ஒரு ஸ்கின்னைத் தூக்கி, பசை உள்ள பக்கத்தைப் பனியில் புரட்டியது. எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. மற்ற ஐந்து பேரும் நான்கு நிமிடத்தில் தயாராகி, குளிரில் கைகளைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறையில் பலகையை விரித்தேன். கையுறையோடு செய்தேன். கணவர் கைபேசியில் நேரம் எடுத்தார், எனக்காக இல்லை, சிரிக்க. பதினான்கு, பதினொன்று, கடைசியில் ஆறு நிமிடம். மலையில் எட்டு ஆகும், பரவாயில்லை. கட்டையில் உறைந்த பனியைச் சுரண்ட ஒரு சின்னச் சுரண்டி எப்போதும் பொக்கெற்றில் இருக்கட்டும். ஸ்கின்னைக் கழற்றிய கையோடு பசையோடு பசை சேர மடித்து, இரண்டாம் முறை ஏறுவதாக இருந்தால் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வையுங்கள். குளிர்ந்த பசை ஒட்டாது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஸ்கீகாரரின் வழிகாட்டிப் புத்தகத்தை அப்படியே நம்பாதீர்கள். "இறுதியில் காட்டுப் பாதை வழியாக ஊருக்கு" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அவர்கள் அந்தச் சமதளத்தில் தடி ஊன்றிச் சறுக்கிப் போய்விடுவார்கள், நீங்கள் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பீர்கள். வரைபடத்தில் இறங்கும் வழியின் உயரக்கோடுகளைப் பாருங்கள். கோடுகள் விலகிப் போகிற இடமெல்லாம் உங்கள் நடை.

முதல் சில தடவைகளுக்கு 400, 500 மீட்டர் ஏற்றம் போதும். பழகாதவருக்கு மணிக்கு 300 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். சில ஸ்கீ நிலையங்களில் ஏறுகிறவர்களுக்கென்று பிஸ்டின் ஓரமாகத் தடம் குறித்திருப்பார்கள், அங்கே தொடங்குவது புத்தி. மூடிய பிஸ்டில் மாலையில் மட்டும் போகாதீர்கள். பனியைச் சமப்படுத்தும் இயந்திரம் செங்குத்தான இடத்தில் நீண்ட இரும்புக் கம்பியில் கட்டித்தான் ஓடும். இருட்டில் அந்தக் கம்பி தெரியாது, திடீரென்று விறைத்து எழும்பும்.

இன்னொன்று. வசந்த காலத்துக் காலையில் பனி கண்ணாடி மாதிரி இருக்கும். குறுக்காக நடக்கும்போது அகலமான அரைப் பலகையும் மெத்தென்ற சப்பாத்தும் பிடி கொடுக்காது. அதற்கென்று பைண்டிங்குக்குக் கீழே பூட்டும் பல் வைத்த தகடு உண்டு, ஹார்ஷ்ஐசன் என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒரு மார்ச் மாதத்தில் இருபது மீட்டர் வழுக்கிப்போய் ஒரு பற்றையில் நின்றேன். தகடு என்னிடம் இருந்தது. வீட்டு அலுமாரியில்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. பல்கலைக்கழக நண்பர்களோடு இந்த ஸ்பிளிட்போர்ட் போகத் தொடங்கியிருக்கிறாள். காற்றுப் பை உள்ள முதுகுப்பை நல்ல விலையில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இனிப் பயமில்லைதானே? – லங்கென்தால் அம்மா ஒருவர்

அக்கா, நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள். பனிச்சரிவில் சிக்கினால் ஆளைப் பனியின் மேற்பரப்பில் வைத்திருக்க அது உதவும். மரத்தில், பாறையில் மோதினால் உதவாது. பள்ளத்துக்குள் பனி வந்து நிரம்பினாலும் பெரிதாக உதவாது. அது கடைசியில் வருவது. முதலில் மகளிடம் இருக்க வேண்டியவை மூன்று: உடம்போடு கட்டும், பனியில் புதைந்தவரைத் தேடும் எல்.வி.எஸ். கருவி, ஆழம் பார்க்கும் நீளக் கம்பி, உலோக மண்வெட்டி. இந்த மூன்றும் அவளுடைய நண்பர்களிடமும் இருக்க வேண்டும். அவளைத் தோண்டி எடுக்கப்போவது அவர்கள்தான். புதைந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் முதல் பத்து, பதினைந்து நிமிடத்திலேயே முடிவாகிவிடும். 1414க்கு அழைத்தால் ரேகா என்ற மீட்பு ஹெலிகொப்டர் வரும், ஆனால் அதற்குள் வந்து சேரும் என்று எண்ணியிருக்க முடியாது.

பனிச்சரிவு எப்படி நடக்கிறது என்று சமையலறையில் காட்டுகிறேன். ஒரு தட்டில் ரவையைப் பரப்புங்கள், அதன்மேல் ஒரு பெரிய பொரித்த அப்பளத்தை வையுங்கள். தட்டைச் சாய்த்தபடி அப்பளத்தின் ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். முழு அப்பளமும் உடைந்து வழுக்கும். பனியிலும் அடியில் ரவை மாதிரி உதிரும் பலவீனமான படை இருக்கும், மேலே காற்று அடித்து இறுக்கிய பலகை மாதிரிப் படை. உங்கள் விரல் இருக்கும் இடத்தில் மகளின் பலகை. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிய பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள். மலை தானாக வந்து விழுவது அபூர்வம்.

இது கெட்ட செய்தி மாதிரித் தெரியும். எனக்கு இதில்தான் நிம்மதி. எந்தச் சரிவில் கால் வைப்பது என்று முடிவெடுக்கலாம் அல்லவா? டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கு அறிக்கை விடுகிறது, காலை 8 மணிக்குத் திருத்தி விடுகிறது. எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், என்ன காரணம் எல்லாம் அதில் இருக்கும். ஆபத்து ஐந்து நிலைகளாக இருக்கும். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். ஐந்துக்கு மூன்று என்றால் பரீட்சையில் பாஸ் மாதிரித் தோன்றும். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது, மூன்றாம் நிலை நாட்களில்தான் நிறையப் பேர் சாகிறார்கள். அரசு வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டுவார்கள். நிறமில்லாத இடத்திலேயே ஒரு குளிர்காலத்தை ஓட்டலாம், மேலே நிறமுள்ள சரிவு தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டால்.

மகளைத் தடுக்காதீர்கள், தடுத்தால் சொல்லாமல் போவாள். முதல் நாள் மாலை ஐந்தரைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, "அறிக்கையில் என்ன போட்டிருக்கு, எந்த வழியால் போறியள், எத்தனை மணிக்குத் திரும்புவியள்?" என்று கேளுங்கள். ஒழுங்காகப் பதில் வந்தால் நிம்மதியாகப் படுங்கள். "அவன் பார்த்திருப்பான்" என்று இன்னொருவரைக் காட்டினால் மட்டும் சண்டை போடுங்கள். அப்புறம், காற்றுப் பைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கருவியைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துப் பனியில் புதைத்துவிட்டு மற்றக் கருவியால் தேடிப் பழகுவோம். தேடும் கருவியைக் கைபேசியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பது அப்படித்தான் எனக்கு உறைத்தது. பெட்டி கிடந்தது ஒரு மூலையில், நான் தோண்டியது இன்னொரு மூலையில்.

கேள்வி: பழைய ஸ்னோபோர்டை நானே நடுவால் அறுத்துக்கொள்ளலாமா? இணையத்தில் ஒருவர் செய்து காட்டினார். – தூன் வாசகர்

செய்யலாம். இந்த விளையாட்டு வளர்ந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வொய்லே என்ற நிறுவனம் 1994இல் பலகையை வீட்டிலேயே அறுத்துப் பூட்டுவதற்கான பொருட்களைப் பெட்டியாக விற்றது. ஆனால் அறுத்த ஓரத்தில் இரும்பு விளிம்பு இருக்காது, இறுகிய பனியில் அந்தப் பக்கம் கடிக்காது. மரத்துக்குள் ஈரமும் இறங்கும். தச்சு வேலையில் ஆசை இருந்தால் அறுங்கள், காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பலகை, பைண்டிங், ஸ்கின் எல்லாம் புதிதாக எடுத்தால் இரண்டாயிரம் பிராங்குக்குக் கிட்டவோ மேலேயோ வரும். ஆகவே முதல் குளிர்காலம் வாடகை. சப்பாத்து உங்களிடம் இருப்பதே போதும். இரண்டாம் ஆண்டில் பாவித்த பலகை தேடுங்கள், ஸ்கின்னின் பசையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். எல்.வி.எஸ். கருவி மட்டும் புதிதாக, மூன்று அன்டெனா உள்ளதாக.

கேள்வி: என் கூட்டத்தில் எல்லோரும் ஸ்கீ, நான் மட்டும் பலகை. எப்போதும் கடைசி ஆள் நான்தான். வெட்கத்தில் மூச்சு வாங்காத மாதிரி நடிக்கிறேன். – ஆராவ் வாசகி

நடிக்காதே தங்கச்சி, பேச முடியாத வேகத்தில் ஏறினால் மேலே போய் முடிவெடுக்கத் தலை வேலை செய்யாது. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்கு. வியர்த்தால் உச்சியில் அந்த வியர்வையே உறையும். உச்சியில் மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது நீ முதலில் பலகையைப் பூட்டு, பிறகு சாப்பிடு. அவர்கள் எழும்பும்போது நீ தயார்.

வெட்கத்தால் நடக்கிற பெரிய பிழை வேறு. போன ஆண்டு டீம்டிக்டால் பக்கம் ஒரு மலையில் உச்சிக்கு 150 மீட்டர் இருக்கும்போது மூடுபனி இறங்கியது. காற்றில் புதுப்பனி பறந்து நாங்கள் ஏற வேண்டிய மலை முதுகின் மறுபக்கத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எல்லோரையும் ஏற்கெனவே காக்க வைத்தவள் நான், இனித் திரும்புவோம் என்றும் நானா சொல்வது என்று கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். கடைசியில் சொன்னேன். உடனே இரண்டு பேர், "நாங்களும் அதைத்தான் நினைத்தோம்" என்றார்கள். திரும்பினோம். அந்தச் சரிவில் பனி அன்று இறங்கவில்லை, அடுத்த நாளும் இறங்கவில்லை. நான் சொன்னது சரியா, வீண் பயமா என்று இன்றுவரை தெரியாது.

கேள்வி: ஏறும்போது என்ன சாப்பிடுவீர்கள்? – பெயர் போடாதவர்

முதல் தடவை மாலு பாண் கொண்டுபோனேன். மீன் உறைந்து கல்லாகி, கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. இப்போது சீனி தூக்கலாகப் போட்ட இஞ்சித் தேத்தண்ணி ஒரு குடுவை, எள்ளுருண்டை நான்கு. நான்கு ஏனென்றால் இரண்டு ஸ்கீகாரருக்குப் போய்விடும்.