மலை ஏன் படிக்கட்டாகிறது? உயரத் தரவு பற்றிய கேள்வி பதில்

மோலா (செவ்வாயின் உயரங்களை லேசரால் அளந்த விண்கலக் கருவி) தரவை வைத்துச் செவ்வாயைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கினேன். சரிவெல்லாம் படிக்கட்டாக வருகிறது. ஸ்மூத் செய்தால் போய்விடுமா?

போகும், கூடவே பள்ளங்களின் விளிம்பும் போகும். இடையில் எங்கோ 8 பிட் படமாகச் சேமித்திருப்பீர்கள். ஹெல்லஸ் படுகையின் அடியிலிருந்து ஒலிம்பஸ் மான்ஸ் உச்சி வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். அதை 256 படிகளுக்குள் அடைத்தால் ஒரு படியே நூறு மீட்டருக்கு மேல். 16 பிட்டில் அரை மீட்டருக்கும் குறைவு. மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். இருக்கும் 8 பிட்டை 16 ஆக்கினால் தொலைந்தது திரும்பாது. ஜேபெக் பக்கம் போகவே வேண்டாம்.

எஸ்ஆர்டிஎம் (விண்ணோட ரேடார் அளந்த பூமியின் உயரத் தரவு) கோப்பை நானே எழுதிய நிரலில் திறந்தேன், அண்ணா. தரை முழுக்க முள்ளம்பன்றி முதுகு மாதிரி இருக்கிறது. தரவு கெட்டுவிட்டதா?

தரவு நன்றாகத்தான் இருக்கும் தம்பி, பைட் வரிசை தலைகீழாகியிருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் எடுத்த தரவு அது. அது வரும் ஹெச்ஜிடி வகைக் கோப்பில் ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட், பெரிய மதிப்புள்ள பைட் முதலில். நம் கணினிகள் பெரும்பாலும் சின்னதை முதலில் எதிர்பார்க்கும். மாற்றிப் படித்தால் 300 மீட்டர் 11,265 ஆகிறது. பக்கத்துப் புள்ளி 301 என்றால் 11,521. ஒரு மீட்டர் ஏற்றம் 256 மீட்டர் சுவராக நிற்கும்.

இதில் ஒரு குறும்பு உண்டு. தரவு இல்லாத இடத்துக்கான குறி -32768. அது தலைகீழானால் வெறும் 128. நல்ல பிள்ளை மாதிரி சமதரையாக உட்கார்ந்துகொள்ளும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் ஒரு முறை இரண்டு நாள் தேடியிருக்கிறேன். ஒரு வில்நொடி (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளிக் கோப்பென்றால் 3601 கிடைவரிசை, 3601 நெடுவரிசை, அளவு சரியாக 2,59,34,402 பைட். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் சிறும, பெரும எண்களை. படமாக வரைவது கடைசியில்தான்.

ஜிடால் என்ற வரைபடத் தரவு மென்பொருளில் மலைச்சரிவுகளின் நிழல் வரைபடம் போட்டால் கறுப்பு வெள்ளையாகக் கிறுக்கிவைத்த மாதிரி வருகிறதே?

உயரம் மீட்டரில், கிடை அளவு பாகையில். ஒரு பாகையை ஒரு மீட்டர் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. 111120 என்ற அளவுக் காரணியைக் கொடுங்கள். துருவத்தை நெருங்கினால் அதுவும் உதவாது. 60 பாகை அட்சத்திலேயே கிழக்கு மேற்குத் தூரம் பாதியாகிவிடுகிறது. அங்கே மீட்டரில் அளக்கும் வீழலுக்கு (உருண்டையைத் தட்டையாக்கும் முறை) மாற்றிவிடுவதே நல்லது.

நிலாவில் கடல் இல்லையே, உயரம் எதிலிருந்து?

1737.4 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்திலிருந்து. பரவலாகக் கிடைக்கும், புள்ளிக்குப் புள்ளி 118 மீட்டர் இடைவெளியுள்ள லோலா (நிலாவை லேசரால் அளந்த கருவி) கோப்பில் எண்ணை 0.5 ஆல் பெருக்கினால்தான் மீட்டர். மறந்தால் மலைகள் இரட்டிப்பாகும்.

முழு பூமியையும் சுற்றிக் காட்டும்போது மலையே தெரியவில்லை, சார்.

தெரியாதுதான். பூமியை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாக்கினால் எவரெஸ்ட் 0.7 மில்லிமீட்டர். தூரத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் மிகைப்படுத்துங்கள். அந்தப் பெருக்கத்தைக் கோப்புக்குள் எழுதாமல் ஷேடரில் (திரையில் வரையும்போது ஓடும் சிறு நிரல்) வையுங்கள்.

தரையருகே கேமரா போனால் பாறைகள் நடுங்குகின்றன.

பூமியின் மையத்திலிருந்து 63,71,000 மீட்டர் தள்ளி, 32 பிட் மிதவை எண்ணால் (தசம எண்ணைக் கணினி சேமிக்கும் வடிவம்) அரை மீட்டருக்குக் குறைவாகப் பிரித்தறிய முடியாது. தரையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நடுவையே தொடக்கப் புள்ளியாக்குங்கள்; கேமராவுக்கும் அந்த நடுவுக்கும் உள்ள தூரத்தை 64 பிட்டில் கழித்த பிறகு ஜிபியூவுக்கு (படம் வரையும் சில்லு) அனுப்புங்கள்.